எண்ணிப் பார்ப்பது பிரிவினையா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணித மாணவன்)

வேலைக்கு வருகிறவனைப் பார்த்து, "நீ எந்த மதத்தான்?" என்று கேட்கலாமா? கூடாது, அது அநாகரிகம் என்றே நம்மில் பலர் பதில் சொல்வோம். ஆனால் கேட்டே ஆக வேண்டும், கேட்டு எண்ணி ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும், ஒப்புவிக்கத் தவறினால் குற்றம் என்று சட்டம் செய்து வைத்திருக்கும் நாடு ஒன்று உண்டு. அதுதான் வட அயர்லாந்து. அங்கே அரசு அலுவலகங்களும் தொழில் நிறுவனங்களும் தம்மிடம் பணிபுரிவோரில் புராட்டஸ்டண்டுகள் எத்தனை பேர், கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாடு நியாயமானது என்பது என் கட்சி. ஆசிரியப் பெருமக்களும் உடன்பயிலும் நண்பர்களும் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

பூட்டில்லாத கதவு

1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் புராட்டஸ்டண்டுகள். மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். இரு சாராரும் கிறித்தவரே. சண்டை வழிபாட்டைப் பற்றியதன்று; நாடு பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதைப் பற்றியது. புராட்டஸ்டண்டு மக்களின் ஆதரவு பெற்ற ஒரே கட்சி 1921 முதல் 1972 வரை அங்கே இடைவிடாமல் ஆண்டது. ஆட்சி ஒரு சாராரிடம் இருந்தால் வேலை யாரிடம் போகும்? சொல்லவும் வேண்டுமோ?

1968-இல் குடியுரிமை இயக்கத்தார் நடத்திய ஊர்வலங்களில் கலவரம் மூண்டது. அதை விசாரித்த கேமரன் குழு 1969-இல் அறிக்கை அளித்தது. பெர்மானா என்ற மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். ஆனால் அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் ஏறத்தாழ 75 பேரில் கத்தோலிக்கர் 7 பேருக்கு மேல் இல்லை என்று அக்குழு எழுதியது. பேருந்து ஓட்டத் தெரிந்த கத்தோலிக்கர் ஏழே பேர்தானா அந்த மாவட்டத்தில்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கருக்கு வேலை இல்லை என்று பெரும்பாலும் பலகை மாட்டவில்லை. 1920 ஜூலையில் பெல்பாஸ்ட் கப்பல் தளங்களிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களை அடித்து விரட்டியது உண்டு. ஆனால் அதற்குப் பின் பெரும்பாலும் விரட்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. காலியிடம் இருக்கும் செய்தி தந்தை வழியே மகனுக்கும், மாமன் வழியே மருமகனுக்கும் போய்ச் சேர்ந்தது. விளம்பரமே இல்லாத வேலைக்கு விண்ணப்பம் போடுவது எப்படி?

இந்தப் பூட்டில்லாத கதவை நான் புத்தகத்தில் மட்டும் அறிந்தவன் அல்லன். என் தந்தையார் ஓர் ஆலையில் பதினொரு ஆண்டுகள் பதிலித் தொழிலாளியாகவே இருந்தார். நிரந்தரம் ஆனவர்கள் எல்லாம் யாரோ ஒருவருக்கு உறவு. "வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லையடா, கூப்பிடவில்லை, அவ்வளவுதான்" என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கை யாராவது எடுத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, நிம்மதியே வருகிறது.

தடை போட்டதும் தராசு பிடித்ததும்

1976-இல் வேலையில் மத வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வட அயர்லாந்தில் வந்தது. ஆனால் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1980-களிலும் கத்தோலிக்க ஆடவரிடையே வேலையின்மை புராட்டஸ்டண்டு ஆடவரைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. காரணம் எளிது. வேலை கிடைக்காத தனி மனிதன், தன் மதத்தால்தான் கிடைக்கவில்லை என்று தானே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நூறு பேர் போட்டியிட்ட இடத்தில் ஒருவன் அதை எப்படி மெய்ப்பிப்பான்? அநீதி ஓர் ஆளிடத்தில் தெரியாது. கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நோபல் பரிசு பெற்ற ஷான் மக்பிரைடு பெயரால் 1984-இல் ஒன்பது நெறிகள் வெளியாயின. வட அயர்லாந்தில் முதலீடு செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் வேலையில் நேர்மை காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். அமெரிக்க மாநிலங்கள் பல அவற்றை ஏற்றுச் சட்டம் செய்தன. உள்நாட்டுக் குரலோடு இந்த நெருக்குதலும் சேர, 1989-இல் புதிய சட்டம் பிறந்து 1990 முதல் நடைமுறைக்கு வந்தது. எண்ணுவது இப்போது கடமையாயிற்று. பொதுத்துறை முழுவதும், தனியாரில் முதலில் 25 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்போரும், பின்னர் 10 பேருக்கு மேல் வைத்திருப்போரும் ஆண்டுக் கணக்கு அளிக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை, தம் ஆளெடுப்பு முறையைத் தாமே ஆராய்ந்து பார்க்கவும் வேண்டும். அடம் பிடிக்கும் நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தமும் மானியமும் மறுக்கப்படலாம். 1998-இல் இச்சட்டம் விரிவாக்கப்பட்டது.

எண்ணும் முறையும் சுவையானது. "நீ கோயிலுக்குப் போகிறாயா?" என்று படிவம் கேட்பதில்லை. "நீ எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன்?" என்றுதான் கேட்கிறது. புராட்டஸ்டண்டு சமூகம், கத்தோலிக்கச் சமூகம், இரண்டும் இல்லை என மூன்று கட்டங்கள். ஒருவர் பதில் தராவிட்டால் படித்த பள்ளி முதலிய குறிப்புகளைக் கொண்டு நிறுவனமே கணிக்கலாம். ஒருவருடைய சமூகத்தைக் காரணமின்றி வெளியிடுவது குற்றம். எனவே தேர்வு செய்பவர் பார்வைக்குப் போகாமல் இந்தப் படிவத்தைத் தனியே வைக்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்லும்?

கணித மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கு. ஓர் அலுவலகத்தில் 100 பேரில் 20 பேர் கத்தோலிக்கர் என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் கொண்டு அநீதி என்று தீர்ப்பெழுத முடியாது. விண்ணப்பித்தோரில் 40 விழுக்காடு கத்தோலிக்கர், வேலை பெற்றோரில் 15 விழுக்காடுதான் என்றால், தேர்வு அறையில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். விண்ணப்பித்தோரிலேயே 15 விழுக்காடுதான் என்றால் கேள்வி வேறு: அவர்கள் ஏன் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள்? அலுவலகம் இருக்கும் தெருவுக்குப் போக அஞ்சுகிறார்களா? சுவரில் தொங்கும் கொடி அச்சுறுத்துகிறதா? இப்படி நோய்க்கு ஏற்ற மருந்தைத் தேட எண் வழி காட்டுகிறது. இதற்காகவே விண்ணப்பித்தோர், சேர்ந்தோர் கணக்கும் கேட்கப்படுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

"எண்ணிக்கொண்டே இருந்தால் பிரிவினை வளராதா?" என்பர். அந்நாட்டில் பெயரையும் தெருவையும் பள்ளியையும் கேட்டே எந்தப் பக்கத்தவர் என்று ஊகித்துவிடுவார்கள். ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தை 'எய்ச்' என்கிறானா, 'ஹெய்ச்' என்கிறானா என்பதை வைத்துக்கூட ஊகிப்பது உண்டு! மனத்துக்குள் ஊரே எண்ணிக்கொண்டிருக்கும்போது தாளில் எண்ணுவது மட்டும் பாவமா?

"தகுதி கெட்டுப் போகாதா?" என்பர். இச்சட்டத்தில் இட ஒதுக்கீடு இல்லை. நம் நாட்டு முறைக்கும் அதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே. ஒருவரை மதத்துக்காகத் தேர்ந்தெடுப்பதும் அங்கே சட்ட விரோதமே. குறைவாக உள்ள சமூகத்தாரை விண்ணப்பிக்குமாறு வரவேற்று விளம்பரம் செய்யலாம், பயிற்சி அளிக்கலாம். காவல்துறை மட்டும் சில காலம் விலக்காக இருந்தது. 1999-இல் பேட்டன் குழு ஆராய்ந்தபோது அங்கே கத்தோலிக்கர் ஏறத்தாழ 8 விழுக்காடே. எனவே 2001 முதல் பாதிக்குப் பாதி என்று ஆளெடுத்து, 2011-இல் ஏறத்தாழ 30 விழுக்காடு ஆனதும் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பள்ளி ஆசிரியர் நியமனம் நெடுங்காலம் இச்சட்டத்துக்கு வெளியே இருந்தது. அந்த விலக்கை நீக்க 2022-இல்தான் சட்டம் வந்தது. எப்பக்கமும் சேராதவர்கள் பெருகி வருகிறார்கள்; அவர்களுக்கு வெறும் மூன்றாவது கட்டம் போதுமா? இரு பக்கத்து ஏழைகளின் வறுமையும் மதக் கட்டத்தில் தெரிவதில்லை. பேருந்து ஓட்டுநரின் மகனும் வங்கி அதிகாரியின் மகனும் அங்கே ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள்.

பலன் உண்டா? 1990-இல் கணக்கில் வந்த பணியாளர்களில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 35 விழுக்காடு. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி. எல்லாம் எண்ணியதால் வந்தது என்று சொன்னால் என் கணித ஆசிரியர் காதைத் திருகுவார். மக்கள்தொகை மாறியது, 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தோர் 45.7 விழுக்காடு, புராட்டஸ்டண்டு முதலிய பிற கிறித்தவச் சூழலில் வளர்ந்தோர் 43.5 விழுக்காடு. கல்வி பரவியது, 1998 உடன்படிக்கையால் அமைதி வந்தது. ஆயினும் கணக்கு இல்லாதிருந்தால் மாற்றம் வந்ததா, வரவில்லையா என்பதே தெரிந்திராது. வாதம் செய்வோர் கூச்சலிட்டே காலம் கழித்திருப்பர்.

முடிவாக

எண்ணுவது நீதி ஆகிவிடாது. நீதி நடக்கிறதா என்று பார்க்க அது ஒரு விளக்கு. விளக்கை வெறுப்பவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான். 'எனக்கு யாரும் வேற்றுமையாய்த் தெரிவதில்லை' என்று அவன் சொல்வது எளிது. வெளியே நிற்பவனை அவன் பார்த்ததே இல்லை அன்றோ? அடுத்தவர் பெயரைக் கேட்டதும் அவர் எந்தப் பக்கம் என்று எவருக்கும் ஊகிக்கத் தோன்றாத நாள் வரட்டும். அன்றைக்கு இந்தப் படிவங்களை மகிழ்ச்சியோடு கொளுத்தலாம். அதுவரை எண்ணட்டும், எண்ணியதை ஊரறியச் சொல்லட்டும்.