மூன்றாவது சங்கம் ஏன் தேவைப்பட்டது?

1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு புதிய வழக்கறிஞர் சங்கம் தொடங்கப்பட்டது. கறுப்பினப் பெண் வழக்கறிஞர்களின் தேசியச் சங்கம் என்பது அதன் பெயர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்து வாஷிங்டனில் தொழில் செய்துவந்த வில்ஹெல்மினா ரோலார்க் என்ற வழக்கறிஞர் அதைத் தொடங்கினார்.

அப்போது அந்த நாட்டில் பெண் வழக்கறிஞர்களுக்கென்று ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. அதற்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கறுப்பின வழக்கறிஞர்களுக்கென்றும் ஒரு சங்கம் இருந்தது. அதற்கு வயது 47. பெண் என்ற முறையில் ஒன்றிலும், கறுப்பினத்தவர் என்ற முறையில் மற்றொன்றிலும் சேர்ந்துகொள்ளலாமே, மூன்றாவதாக ஒன்று எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

நம் நீதிமன்ற வளாகங்களிலும் இதே கேள்வி உண்டு. 'பெண் வக்கீல்களுக்குச் சங்கம் இருக்கிறது, பட்டியலின வக்கீல்களுக்கும் அமைப்பு இருக்கிறது, தலித் பெண்களுக்கென்று தனியாக என்ன வேண்டிக்கிடக்கிறது?' என்பார்கள். இதற்குப் பதில் சொல்லும் முன், அந்த மூன்றாவது சங்கத்துக்கு முந்தைய நூறு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கரே கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலையும் கறுப்பினத்தவர் நிலையும் அந்த அளவுக்கு ஒத்திருப்பதால் அதைப் படிப்பது அவசியம் என்று அதில் குறிப்பிட்டார். ரோலார்க் சங்கம் தொடங்கிய அதே 1972இல்தான் மும்பையில் தலித் பேந்தர்ஸ் இயக்கமும் பிறந்தது.

சட்டம் படித்தும் நிலைக்க முடியாதவர்

அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் சார்லட் ரே. 1872இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்து, அதே ஆண்டில் வாஷிங்டனில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. அடுத்த ஆண்டே, இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த மைரா பிராட்வெல் என்ற வெள்ளையினப் பெண்ணுக்கு வழக்கறிஞராகும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணின் கடமை மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே என்று அந்த அமர்வின் நீதிபதி ஒருவர் எழுதினார்.

சார்லட் ரே பதிவு பெற்றார், அலுவலகமும் திறந்தார். ஆனால் கட்சிக்காரர்கள் வரவில்லை. கறுப்பினத்தவர் என்றும் பெண் என்றும் இரண்டு வகையிலும் ஒதுக்கப்பட்டவரிடம் வழக்கைக் கொண்டுவர ஆளில்லை. சில ஆண்டுகளில் தொழிலை விட்டு நியூயார்க் திரும்பி, பள்ளி ஆசிரியை ஆனார். 1911இல் காலமானார். அவர் தோற்றது படிப்பில் அல்ல, திறமையிலும் அல்ல. அனுமதி கிடைத்த பிறகு தொழிலில் நிலைத்து நிற்க அவருக்குத் துணை யாரும் இல்லை. சங்கம் என்பது அந்தத் துணைதான்.

இரண்டு சங்கங்கள்

1899இல் நியூயார்க்கில் 18 பெண் வழக்கறிஞர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்நகரின் வழக்கறிஞர் சங்கம் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. 1937இல்தான் சேர்த்தது. அந்த 18 பேர் தொடங்கியதே பின்னாளில் பெண் வழக்கறிஞர்களின் தேசியச் சங்கமாக வளர்ந்தது. 1911இல் தனிப் பத்திரிகையும் தொடங்கியது.

மறுபக்கம், 1878 முதல் இயங்கிவந்த அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1912இல் மூன்று பேரை, கறுப்பினத்தவர் என்று அறியாமலே உறுப்பினர்களாகச் சேர்த்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் பெரும் சர்ச்சை. கடைசியில் மூவரும் நீடிக்கலாம், ஆனால் இனி விண்ணப்பிப்பவர்கள் தங்கள் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று முடிவானது. இதே சங்கம் 1918இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உறுப்பினராக இனம் தடையல்ல என்று தீர்மானம் போட 1943 வரை ஆனது. ஆக, 'பெண்களுக்குக் கதவு திறந்தது' என்று வரலாற்றுப் புத்தகம் சொல்லும் ஆண்டில் கறுப்பினப் பெண்ணுக்குத் திறக்கவில்லை. அவர் இன்னும் 25 ஆண்டுகள் வெளியே நின்றார்.

இந்த ஒதுக்கலுக்குப் பதிலாக 1925இல் அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் நகரில் கறுப்பின வழக்கறிஞர்கள் 12 பேர் தனிச் சங்கம் கண்டார்கள். அவர்களில் ஒரே ஒரு பெண், கெர்ட்ரூட் ரஷ். மற்ற 11 பேரும் ஆண்கள். அந்தச் சங்கத்தின் தேசியப் பொறுப்புக்கு முதல் பெண்ணாக சேடி அலெக்சாண்டர் வந்தது 1943இல், செயலாளராக. முதல் பெண் தலைவராக ஆர்னெட் ஹப்பர்டு வந்தது 1981இல். தொடங்கிய நாளிலிருந்து 56 ஆண்டுகள். நிறவெறியை எதிர்த்துப் பிறந்த சங்கத்திலேயே பெண்ணுக்குத் தலைமை நாற்காலி கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

பாலி முர்ரே என்ற வழக்கறிஞரின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும். 1938இல் வட கரோலினா பல்கலைக்கழகம் அவருக்கு இடம் மறுத்தது. காரணம், அவர் கறுப்பினத்தவர். பின்பு ஹோவர்டில் சட்டம் படித்து 1944இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். மேற்படிப்புக்கு ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அதுவும் மறுத்தது. காரணம், அவர் பெண். ஒரே ஆள்தான், ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு காரணம்.

கணக்கில் வராத ஐவர்

இது சங்கங்களின் கதை மட்டுமல்ல. நீதிமன்றத்தில் நியாயம் கேட்டு வந்த பெண்களின் கதையும் இதுவே. செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் கறுப்பினப் பெண்களை 1964க்கு முன் வேலைக்கு எடுத்ததே இல்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்றார்கள். 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். எம்மா டிகிராஃபன்ரீட் உள்ளிட்ட ஐந்து பேர் வழக்குத் தொடுத்தார்கள்.

1976இல் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பெண்களை இந்த நிறுவனம் முன்பே வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது. அந்தப் பெண்கள் எல்லாரும் வெள்ளையினத்தவர். இனப் பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்கள் தொடுத்த வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. கறுப்பினப் பெண்கள் என்று தனியாக ஒரு வகையைச் சட்டம் காணவில்லை என்றது. இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். நாற்சந்தியில் நிற்பவர் மீது எந்தச் சாலையிலிருந்து வரும் வண்டியும் மோதலாம், சில சமயம் எல்லாச் சாலையிலிருந்தும் மோதும் என்று அவர் விளக்கினார்.

நம் உச்ச நீதிமன்றமும் இந்தச் சிந்தனையை ஏற்றிருக்கிறது. ஆந்திரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற பட்டியலினப் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், 2021 ஏப்ரலில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. பாலினம், சாதி, உடற்குறை மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படித் தாக்குகின்றன என்பதை விரிவாக எழுதியது. குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விதித்த தண்டனை மட்டும் நிற்கவில்லை. சாதியின் பேரால் குற்றம் நடந்தது என்பதற்கு அரசுத் தரப்பு தனியாகச் சாட்சியம் வைக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் என்று தெரிந்தே குற்றம் செய்திருந்தால் போதும் என்று மாறியிருக்கிறது. இந்தக் குற்றம் அதற்கு முன் நடந்தது.

உச்ச நீதிமன்றம் எவ்வளவு அருமையாக எழுதினாலும், சாட்சியம் பதிவாவது கீழ் நீதிமன்றத்தில்தான். புகார் எழுதும்போதும், மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்கும்போதும், கூண்டில் நிற்கும்போதும் என்ன கேட்க வேண்டும், எதைப் பதிய வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருக்க வேண்டும். தலித் பெண் வழக்கறிஞரால்தான் இது முடியும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சேரியிலும் ஊரிலும் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே கணக்கு என்ன?

இந்தியாவில் பெண்கள் வக்கீலாகத் தடையில்லை என்று சட்டம் வந்தது 1923இல். பட்டியலினத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு முதல் நீதிபதியாக 1980இல் சென்றவர் நம் தமிழகத்தின் ஏ.வரதராஜன். முதல் பெண் நீதிபதியாக 1989இல் சென்றவர் பாத்திமா பீவி. இரண்டும் பெருமைதான். ஆனால் 1989 முதல் 2025 வரை உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த 11 பெண் நீதிபதிகளில் ஒருவர்கூடப் பட்டியலினத்தவர் இல்லை. அமெரிக்காவில் சார்லட் ரே பதிவு செய்து 150 ஆண்டுகள் கழித்து, 2022இலாவது கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்தார்.

2024 மே மாதம், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க நிர்வாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கில் தலித் பெண் இருப்பாரா என்பதை அந்த உத்தரவு கேட்கவில்லை.

முதல் சில ஆண்டுகளில்தான் எல்லாம் முடிவாகிறது. சிவில் நீதிபதி தேர்வெழுதக் குறைந்தது மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்கொடுமை வழக்கு நடத்தும் சிறப்பு அரசு வழக்கறிஞராக ஒரு வக்கீலை நியமிக்க ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும். நேரடியாக மாவட்ட நீதிபதி ஆகவும் ஏழு ஆண்டு வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரியான ஒரு பெண், சம்பளமில்லாத ஜூனியராகப் பஸ் காசுக்கே திண்டாடி இரண்டாம் ஆண்டில் தொழிலை விட்டுவிட்டால், இந்தப் பதவிகள் எல்லாவற்றுக்குமான பட்டியலிலிருந்தும் அவர் பெயர் அப்போதே போய்விடுகிறது. சார்லட் ரேக்கு நடந்தது இதுதான்.

செய்ய வேண்டியவை

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் அறிவுறுத்தியது. நம் மாவட்டத்தில் எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்று வழக்கறிஞர் சங்கம் தன் பொதுக்குழுவில் கேட்கட்டும்.

பட்டியலினத்தவரும் பெண்களும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறலாம் என்கிறது சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு வழக்கறிஞர் நியமனத்திலும் அப்படியே. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடத்த மூத்த வழக்கறிஞரை அமர்த்த வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் இடமுண்டு. இதைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வது ஆட்சியர் அலுவலகத்தின் கடமை.

பெண் வழக்கறிஞர் அமைப்புகள் தங்கள் நிர்வாகிகளில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தலித் வழக்கறிஞர் அமைப்புகள் தங்கள் மேடையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் விடை குறைவாக இருந்தால், தலித் பெண் வழக்கறிஞர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பு காண்பதைப் பிளவு என்று யாரும் பேசக் கூடாது. ரோலார்க்கின் சங்கம் வந்ததால் மற்ற இரண்டு சங்கங்களும் உடைந்துவிடவில்லை. அவை இன்றும் இயங்குகின்றன. மூன்றாவது சங்கம் தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் இரண்டாவது சங்கத்துக்கு முதல் பெண் தலைவரும் வந்தார்.

மாவட்ட நீதிமன்றத்தில் இந்த ஆண்டு புதிதாக வக்காலத்து போடத் தொடங்கியிருக்கும் தலித் பெண்கள் ஐந்து பேரோ பத்து பேரோ இருக்கலாம். ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் ஒரே அறையில் கூடினால் போதும். மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்தப் பத்துப் பேரும் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். அதற்கு யார் என்ன செய்தார்கள் என்று அப்போது கேட்போம்.