நான்காவது நாற்காலி

சைதையிலே, மறைமலையடிகள் பாலத்தின்மீது நின்று பாருங்கள், தோழர்களே! கீழே அடையாறு. கரையிலே ஏழையின் குடிசை. வடக்கே சிறிது நடந்தால் தியாகராய நகரின் அங்காடி வீதி. 2015 டிசம்பர் வெள்ளம் கடையை நனைத்தது. குடிசையையோ கொண்டே போயிற்று!

அடுத்த மாதமே, 2016 ஜனவரியில், சென்னை 'சீர்மிகு நகர'ப் பட்டியலில் ஏறிற்று. அரசும் பல்கலைக் கழகமும் தனியாரும் கைகோத்தால் நகரம் செழிக்கும் என்றனர். அதிகாரம் கோட்டையிலே, அறிவு கல்லூரியிலே, முதல் வணிகரிடத்திலே. மூன்றும் கூடட்டும், மறுப்பாரில்லை. நாம் கேட்பது ஒன்றே: மக்கள் எங்கே?

திட்ட விதிப்படி ஒரு கம்பெனி பிறந்தது. மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சமபங்கு. மாநகராட்சி மக்கள் மன்றந்தானே என்பீர்கள். மன்றம் இருந்தால் அல்லவா! 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. ஐந்தாண்டுக்கு மேல், மக்களின் பங்குக்காகப் பேசியவர் அதிகாரி! மணமகள் இல்லாத மணமேடை. மேளம் மட்டும் முழங்கிற்று! அதுவும் எங்கே? மாநகராட்சித் தலைவராக வீற்றிருந்த தியாகராயரின் பெயர் சூடிய நகரிலே!

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவனுக்கு இடம் தந்தது நல்லதே. ஆனால் 2021 நவம்பர் மழையிலே தியாகராய நகர் தெருக்கள் குளமாயின. ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர் அது; தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது! அதை அடையாற்றுக்கு அழைத்துச் செல்லும் வழி மாம்பலம் கால்வாய்.

அறிவுக்குப் பஞ்சமா? ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக் கழகமும் உழைத்த வெள்ள முன்னறிவிப்பு முறை 2019லேயே வந்தது. 2021ல் திருப்புகழ் தலைமையில் வல்லுநர் குழுவும் அமைந்தது. வெள்ளம் எத்தெருவுக்கு வரும் என்று கருவி சொல்லும். கால்வாய் எவ்விடத்தில் அடைபட்டது என்று அத்தெருக்காரன் சொல்வான். அவனுக்கு நாற்காலி உண்டா? ஆற்றங்கரையினருக்குக் கிடைத்தது நாற்காலியா? இல்லை; தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு வண்டி!

2025 மார்ச்சோடு மையத் திட்டம் முடிந்தது. கணக்கு மூடப்படலாம், கேள்வி மூடப்படாது. நாளை வேறு பெயரில் வேறு திட்டம் வரும். வரட்டும்! வார்டு குழுவும் பகுதி சபையும் சட்டத்திலே இருக்கின்றன. அங்கே செல்லுங்கள், வரைபடத்தைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள். மூவர் அமரும் மேசையிலே நான்காவது நாற்காலியைத் தாமாக எவரும் போடமாட்டார்கள். நாம்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போடவேண்டும்!