மட்குடத்தில் இருந்த மருந்து

சென்ற கிழமை உயிரியல் வகுப்பு முடிந்து வெளியே வருகையில் ஒரு மாணவி பின்னாலேயே வந்தாள். "சேர், அம்மம்மாவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அவவுக்கு ஊசி என்றால் பெரிய பயம். அதைக் குளிசையாய்த் தந்தால் என்ன?" என்று வினவினாள். கேள்வி சிறிது, விடையோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதியது. ஆதலின் நேயர்களுக்கும் அதனை ஈண்டுக் கூறுகின்றேன்.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாய்க் கோக்கப்பெற்றது. அதனை விழுங்கினால், மத்தியானம் உண்ட பருப்புக்கும் மீனுக்கும் வயிறு என்ன செய்யுமோ அதனையே இதற்கும் செய்யும். துண்டு துண்டாக அறுத்துச் சமித்துவிடும். குருதியைச் சென்றடைவது இன்சுலின் அன்று, அதன் சிதைவுகளே.

இரைப்பையின் பின்னே கிடக்கும் சதையியினுள் தீவுகள்போற் சிதறிய கலக்கூட்டங்களை 1869 இல் லாங்கர்கான்ஸ் என்னும் செருமானியர் கண்டார். இன்சுலின் சுரப்பது அங்கேதான். தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு வேர். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வள்ளமேறிப் பழகிய நமக்கு இப்பெயர் அந்நியமாகாது.

காலையிற் புட்டு உண்கின்றோம். அது குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றது. உடனே இன்சுலின் சுரக்கின்றது. இதனைக் கலத்தின் கதவைத் திறக்கும் திறவுகோல் என்பர். அவ்வுவமை பாதியே உண்மை. இன்சுலின் தசைக் கலத்தின் புறத்தே ஒட்டிச் செய்தி சொல்ல, உள்ளே ஒதுங்கியிருந்த கதவுகள் கலத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. அவற்றின் வழியே குளுக்கோசு உட்புகுகின்றது. அதற்கு மற்றொரு பணியும் உண்டு. அதனைப் பலர் அறியார். ஈரல் தன் சேமிப்பிலிருந்து இரவெல்லாம் குளுக்கோசை விட்டுக்கொண்டிருக்கும். "போதும்" என்று அதனைத் தடுப்பதும் இன்சுலினே. அத்தடை தளர்ந்தோர் இராச்சாப்பாட்டை ஒறுத்தும் விடியற்காலையிற் சீனி கூடியிருக்கக் கண்டு மயங்குவர். அவர்கள் களவாக உண்டதாக வீட்டார் ஐயுறுதல் அநியாயம்.

என் சின்னம்மாவின் மகளுக்கு 1993 இல், பத்து வயதில், இந்நோய் கண்டது. பெரும்பாலும் இளமையிலே தொடங்கும் முதலாம் வகையில், உடலின் காவற்படையே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடும். குளிசை உதவாது. ஊசியின்றேல் நாட்களும் கிழமைகளுமே எஞ்சும். 1922 சனவரியில் ரொறன்ரோ நகரில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றப்படும்வரை, பட்டினி போட்டு மரணத்தைச் சிறிது தள்ளிவைப்பதே வைத்தியமாக இருந்தது.

மருந்து இருந்தும் அதனை வைக்குமிடம் எங்கே? 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிருந்தது. சின்னம்மா பெரிய மட்குடமொன்றில் மணலிட்டு நனைத்து, நடுவே ஒரு சிறு குடத்தைப் புதைத்து, அதனுள் மருந்துப் போத்தலை வைத்து, ஈரச்சீலையால் மூடினார். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். அவ்வளவே அதன் விஞ்ஞானம். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் நோக்கி நடந்தபோது, அவர் கையில் நகைப்பெட்டி இருக்கவில்லை. அச்சிறு குடம் இருந்தது.

அது வேறு வழியற்றவரின் துணிவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021 இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே வெப்பம் மாறினும், நான்கு கிழமை வரை இன்சுலினின் ஆற்றல் குன்றவில்லை என்பது அதன் முடிபு. இதனைக் கண்டு குளிரூட்டி உள்ளோர் அலட்சியம் செய்யற்க. திறவாத போத்தல் அங்கேயே இருக்கட்டும். ஆனால் உறைந்துபோன இன்சுலினை எறிந்துவிடவேண்டும்.

முதுமையில் மிகுதியாய் வரும் இரண்டாம் வகை வேறு. அங்கே இன்சுலின் இருந்தும் கலங்கள் அதன் சொற் கேட்பதில்லை. நாளடைவில் சதையியும் களைத்துப்போகும். மெற்போமின் முக்கியமாய் ஈரலின் குளுக்கோசு உற்பத்தியைக் குறைக்கும். கிளிக்கிளசைட் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். நாம் உண்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கந்தசட்டிக்கு உபவாசமிருந்துகொண்டே அக்குளிசையை வழமைபோல் விழுங்குவோர் கைநடுக்கமும் வியர்வையும் கண்டு மயங்கி விழுவது இதனாலேயே. விரதத்துக்கு முன் வைத்தியரைக் கேட்டல் பக்திக்குக் குறைவாகாது. எம்பாகிளிபுளோசின் என்னும் புதிய மருந்தோ சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றது. சிறுநீர் இனித்தலை நோய்க்குறி எனக் கண்டு மதுமேகம் என்று பெயரிட்ட முன்னோர் இதனைக் கேட்பின் என் சொல்வரோ!

மாணவியின் கேள்வி பேதைமையன்று. செமகுளூட்டைட் என்னும் சிறுபுரத மருந்து 2019 இல் குளிசையாக வந்துவிட்டது. விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூடக் குருதியைச் சேர்வதில்லை எனினும், அதுவே போதுகின்றது. இன்சுலினுக்கு இன்னும் அப்பேறு வாய்க்கவில்லை. 4 மில்லிமீற்றர் நீளமேயுள்ள பேனை ஊசிகள் உண்டு என்பதையும், குத்தும் இடத்தை நாள்தோறும் மாற்றவேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்லியனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். அம்மம்மா இப்போது தன் கையாலேயே ஊசி ஏற்றுகிறாவாம்; குத்தி முடிந்ததும் முதல் வேலையாகப் பேத்தியைத் திட்டுகிறாவாம்.