வண்டி பேசுவதைக் கேட்போம்

மழைக்காலம் முடிந்ததும் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வேலைகள் தொடங்கும். ஒன்று தீபாவளிக்குத் துணி எடுப்பது. மற்றது ஊருக்குப் போக வண்டியைத் தயார் செய்வது. ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், சொந்தக் காரிலேயே திருநெல்வேலி வரை போய்வருபவர்கள் நம் சங்கத்தில் பெருகியிருக்கிறார்கள். போக மட்டும் 1,500 கிலோமீட்டருக்கு மேல். புனே, சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகப் போய், கிருஷ்ணகிரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கவேண்டும். இந்தப் பயணத்தை நான்கு மாதம் மழைக் குழிகளில் அடிபட்ட வண்டியில் செய்கிறோம் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

என் கருத்து இதுதான்: வண்டிக்கு அடியிலிருந்து வரும் ஓசைகளைப் பிரித்தறிய, கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். பழுது பார்ப்பது மெக்கானிக்கின் தொழில். ஆனால் எந்த ஓசை, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லவேண்டியது வண்டிக்காரரின் பொறுப்பு. நோயாளி வாய் திறக்காவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்?

நம்மவர்கள் பலர் ஒர்க்ஷாப்பில் போய், "ஆவாஸ் ஆ ரஹீ ஹை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்டவர் தமக்குத் தெரிந்ததை அல்லது தமக்கு லாபமானதை மாற்றுகிறார். சென்ற ஆண்டு எனக்கே இது நேர இருந்தது. வேகத்தடைகளில் முன்பக்கம் 'டக்டக்' என்றது. பெயர் சொல்ல விரும்பாத ஒர்க்ஷாப் ஒன்றில், வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றவேண்டும் என்று பெரிய தொகைக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. ஒரு சக்கரம் மட்டும் சிறு பள்ளத்தில் இறங்கும்போதுதான் ஓசை வந்தது. அதைச் சொல்லி, வேறொரு சிறு பட்டறையில் லிங்க் ராடைப் பார்க்கச் சொன்னேன். அதன் மூட்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவும் அந்த மதிப்பீட்டில் ஒரு சிறு பகுதிதான்.

முதலில் செலவில்லாதவை

குண்டும் குழியுமான சாலையில் போய்வந்தபின் ஓசை கேட்டால், முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி ஆகியவை பிடிப்பு தளர்ந்து குலுங்குவதையே சஸ்பென்ஷன் போய்விட்டது என்று எண்ணிக் கலங்கியவர்கள் உண்டு. சைலன்ஸர் மேலுள்ள தகரத் தடுப்பு தளர்ந்தால் 'சலசல' என்று அதிரும். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் இடையே ஒரு சிறு கல் சிக்கினால் போதும், காது கூசும்படி உரசும். சேற்றுச் சாலையில் போய்வந்தபின் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா? ரிம்மின் உட்புறம் காய்ந்த சேற்றைக் கழுவிவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகே வீல் பேலன்சிங்குக்குப் பணம் கொடுங்கள்.

பஞ்சர் ஒட்டி வந்த பிறகு புதிதாக 'தொம்தொம்' என்று கேட்டால் மட்டும் தாமதமே கூடாது. உடனே ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைச் சரிபாருங்கள்.

ஓசையும் அதன் பொருளும்

இனி உண்மையான பழுதுகள். இங்கே நம் தாய்மொழி கைகொடுக்கிறது. கடகட, லொடலொட, சலசல என்று ஓசைக்கு ஓசை சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. இரட்டைக்கிளவியைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் படித்தோம். அதைக் காரின் அடிப்பகுதிக்கும் பயன்படுத்தலாம்.

சிறு மேடுபள்ளங்களில், குறைந்த வேகத்தில் 'டக்டக்' என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு அல்லது அதன் புஷ். மலிவான சாமான், ஆபத்தும் குறைவு.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டிக்டிக்' என்று சக்கரத்தின் சுழற்சிக்கேற்ப வந்தால், அது ஆக்ஸிலின் வெளி மூட்டு. முன்சக்கரங்களை எஞ்சின் இயக்கும் வண்டிகளில், அதாவது இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில், இந்த மூட்டை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். கல்லோ முள்ளோ பட்டு உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், மூட்டு தேயும். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஓசை வருமுன் கண்டுபிடித்தால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். ஓசை வந்தபின் மூட்டையே மாற்றவேண்டும்.

வேகம் கூடக்கூட 'ஊ...' என்ற ரீங்காரமும் கூடினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். கிளட்சை மிதித்தாலும் அது நிற்காது. ஏனெனில் அது எஞ்சின் ஓசையன்று. வாகனமில்லாத நேரான சாலையில் வண்டியை இலேசாக இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது ஓசை கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். மறுபுறம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்கம். டயர் சீரில்லாமல் தேய்ந்தாலும் இதேபோல் கேட்கும். தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது ஓசையின் தன்மை வெகுவாக மாறினால் டயரின் மேல் குற்றம் இருக்கலாம்.

மேடு ஏறி இறங்கும்போது 'க்ரீச்' என்று பழைய கதவுபோல் முனகினால் ரப்பர் புஷ்கள் காய்ந்துவிட்டன என்று பொருள். இதற்காகச் சில இடங்களில் வண்டிக்கு அடியில் பழைய எஞ்சின் ஆயிலையோ டீசலையோ பீய்ச்சி அடிக்கிறார்கள். சில நாட்கள் சத்தம் அடங்கும். ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி இளகிவிடும். இந்த வழக்கத்தை நாம் மறுத்துவிட வேண்டும்.

பள்ளத்தில் இறங்கியபின் வண்டி படகுபோல் இரண்டு மூன்று முறை ஆடினால், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழிந்திருந்தால் அதைச் சோடியாக மாற்றச் சொல்வது நியாயமே. அதில் மெக்கானிக்கைக் குறை சொல்லக்கூடாது.

பின்சக்கரங்கள் இயக்கும் ஜீப், வேன் போன்ற வண்டிகளுக்குச் சில தனி ஓசைகள் உண்டு. கியர் மாற்றிக் கிளட்சை விடும்போது 'டணக்' என்றால் நீண்ட ஷாப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒருவிதமாகவும் விட்டால் வேறுவிதமாகவும் ஊளையிட்டால் டிபரென்ஷியலைப் பார்க்கவேண்டும். ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

அலட்சியம் கூடாத ஓசை

இத்தனையிலும் நான் மிகவும் அஞ்சுவது பால் ஜாயின்ட்டை. லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் இந்தச் சிறு குண்டு மூட்டு தேய்ந்தால் 'லொட்' என்று மந்தமாக ஒரு தட்டல் கேட்கும். ஸ்டியரிங்கும் சற்றே அலையும். பலர் பழகிப்போய் விட்டுவிடுகிறார்கள். இது கழன்றுவிட்டால் சக்கரம் மடங்கிவிடும். வண்டி நம் கையில் இராது. கணவாய் இறக்கத்தில் மனைவி மக்களோடு போகும்போது அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சோதனை எளிது. பட்டறையில் வண்டியை முறையாகத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது மீண்டும் ஆட்டவேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். தொடர்ந்தால் பால் ஜாயின்ட். இட வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் டை ராடு எண்டைப் பார்க்கவேண்டும். வீட்டு வாசலில் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்க வேண்டாம்.

"இப்போதைய வண்டிகளில்தான் எல்லாவற்றுக்கும் விளக்கு எரிகிறதே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எஞ்சினுக்கும், பிரேக்குக்கும், டயர் காற்றுக்கும் எரியலாம். நாம் ஓட்டும் சாதாரண கார்களில் பால் ஜாயின்ட் தேய்ந்ததைச் சொல்ல எந்த விளக்கும் இல்லை. காதுதான் அதற்குரிய விளக்கு. அந்தக் காதையும் பாட்டுச் சத்தத்தால் அடைத்துவிடுகிறோம். பின் இருக்கையில் இருக்கும் இல்லத்தரசிக்கும் குழந்தைகளுக்கும் பின்சக்கர ஓசை ஓட்டுபவரைவிட நன்றாகக் கேட்கும். அவர்கள் "ஏதோ சத்தம் வருகிறது" என்றால் அதட்டி அடக்காதீர்கள்.

சாலையைப் போட்டவர்களை விட்டுவிட்டு நம்மை மட்டும் திருத்தச் சொல்வதா என்ற கேள்வியும் நியாயமானது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறி, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. தேய்ந்த புஷ்ஷுக்கும் வளைந்த ரிம்முக்கும் அந்தப் பிரிவில் இடமில்லை. ஆகவே வட்டார அலுவலகத்தில் குழிகளைப் பற்றி எழுத்தில் புகார் கொடுப்போம். அதுவும் நம் கடமை. ஆனால் குழி மூடப்படும் வரை வண்டியைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

வாசக அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு ஞாயிறு காலையில் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அரை மணி நேரம் பலவகைச் சாலைகளில் ஓட்டிப் பாருங்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், திரும்பும்போதா, மேட்டிலா, பிரேக்கிலா என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாளோடு மெக்கானிக்கை உட்கார வைத்து வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒன்று. பட்டிமன்றத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் அரங்கம் எடுக்கிறோம். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, நம் உறுப்பினர்களிலேயே உள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு காரைத் தூக்கி நிறுத்தி, இந்த மூட்டுகளையெல்லாம் நம் மக்களுக்குத் தமிழில் காட்டச் சொல்லலாம். ஊர் போய்ச் சேரவேண்டிய குடும்பங்களுக்கு அதைவிடப் பயனுள்ள நிகழ்ச்சி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.