எழுவாய் தேடும் அதிகாரி

ஹைதராபாத்தை அடுத்த சில்கூர் பாலாஜி கோயிலுக்கு ‘விசா பாலாஜி’ என்றே பெயர். வேண்டிக்கொள்ள 11 சுற்று. நிறைவேறினால் 108 சுற்று. அங்கே சுற்றி வருவோர் எல்லாரும் படிப்புக்கோ வேலைக்கோ விசா கேட்பவர்கள் அல்லர். ஏற்கெனவே மணமாகி, அந்த மணம் மெய்யானதுதான் என்று அயல்நாட்டு அதிகாரி ஒருவரை நம்பவைக்க வேண்டியவர்களும் அக்கூட்டத்தில் உண்டு.

நானக்ராம்குடாவில் 2023 முதல் இயங்கும் பிரம்மாண்டமான அமெரிக்கத் துணைத் தூதரகம் இவர்களுக்குப் பயன்படாது. மணவழிக் குடியேற்றத்துக்கான நேர்காணல் மும்பையில்தான். அதற்கு முன்பே, அமெரிக்காவிலுள்ள கணவரோ மனைவியோ ஐ-130 படிவத்தைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். மணம் மெய்யானது என்பதற்கு அப்படிவத்தின் வழிகாட்டுக் குறிப்பு எடுத்துக்காட்டும் சான்றுகள் இவை: கூட்டுச் சொத்து, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், ஒன்றாகக் கலந்த வரவுசெலவு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், பிறர் தரும் பிரமாணப் பத்திரம்.

பட்டியலைப் படித்தாலே முரண் புலப்படும். மணம் செய்த நாளில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே அமெரிக்கச் சட்டம் கேட்கும் கேள்வி. படிவம் கேட்பதோ சேர்ந்து வாழ்ந்ததன் தடயங்களை. விசா இல்லாததால் இரு கண்டங்களில் பிரிந்து கிடப்பவர்கள் எந்த வீட்டுக்குச் சேர்ந்து வாடகை ஒப்பந்தம் போடுவார்கள்?

ஆகவே கோப்பு வேறு வகையில் பருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல்கள், அழைப்புப் பதிவுகள், விமானச் சீட்டுகள், தாலி கட்டும் படம், உறவினர் புடைசூழ நிற்கும் படம். எதை முன்னால் வைப்பது, எதை விடுவது என்று சொல்லித்தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பொய்மணங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பொய்மணம் செய்பவனின் கோப்புதான் குறையில்லாமல் இருக்கும். அவனுக்கு அதைத் தவிர வேறு மணவாழ்க்கை இல்லை. புதுமணத் தம்பதியருக்கு ஈராண்டு நிபந்தனை வசிப்புரிமையை விதித்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில், இத்தகைய மனுக்களில் 30 விழுக்காடு மோசடி என்ற குடியேற்றத் துறையின் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு முறையே பிழையானது என்பது பின்னர் வெளிப்பட்டது. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆவணத்தைவிடக் கொடியது நேர்காணல். “எப்படிச் சந்தித்தீர்கள்? ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்ற வினாக்களுக்குள்ளேயே ஒரு கதைவடிவம் ஒளிந்திருக்கிறது: தனி ஒருவர் பார்த்தார், விரும்பினார், முடிவெடுத்தார். தெலுங்கில் ‘சம்பந்தம் குதிரிந்தி’ என்பார்கள். தமிழில் ‘சம்பந்தம் கூடி வந்தது’, ‘கல்யாணம் ஆயிற்று’. இவ்வினைகளுக்குச் செய்பவர் என்று ஒருவர் இல்லை. அது மழுப்பல் அன்று. அம்மொழிகளில் மணத்தைச் சொல்லும் இயல்பான வழி. கணவரை ‘மா வாரு’ என்று மட்டுமே குறிப்பிட்டுப் பழகிய பெண், பெயரைச் சொல்லும்முன் ஒரு நொடி தயங்குவதும் அவ்வாறே. அந்தத் தயக்கமும் செய்பவரற்ற அந்த வினையும் மொழிபெயர்ப்பைக் கடந்து அதிகாரியின் செவியில் ஐயமாக விழ எத்தனை நேரம் ஆகும்?

பழைய நகரத்து இணையருக்கு இன்னொரு படி கூடுதல். நிக்காஹ்நாமா உருதுவில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, துல்லியமானது என்று மொழிபெயர்ப்பாளர் சான்றளிக்க வேண்டும். மஹர் உடனே தரப்படுவதா, பிற்பாடு தரப்படுவதா என்பதைக் குறிக்கும் இரு சொற்களும் உருதுவில் ஒலிப்பால் ஏறத்தாழ ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. (மொழியியல் மாணவர்களுக்குத் தேர்வு வினாவாக வைக்கலாம்.)

தவறு நேர்ந்தால் முறையிட இடமும் அரிது. தூதரக அதிகாரியின் விசா மறுப்பைப் பொதுவாக நீதிமன்றங்கள் மறுஆய்வு செய்வதில்லை. தன் துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பதில் அமெரிக்கக் குடிமகருக்கு அடிப்படை உரிமை ஏதுமில்லை என்று 2024 ஜூன் மாதம் முன்யோஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பெல்ஜியத்தில் ஆப்பிரிக்க அகதிகளின் கதைகள் அதிகாரிகளின் கையில் எவ்வாறு உருமாறின என்பதை யான் புளோமார்ட் 2001இலேயே ஆராய்ந்து எழுதினார். அக்கட்டுரையைப் பாடமாக நடத்தும் வகுப்பறைகளுக்குத் தரவு தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல் மையம், ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம், உஸ்மானியா மொழியியல் துறை மூன்றும் இதே நகரில் இருக்கின்றன. நீதிமன்றத் தமிழ், நீதிமன்றத் தெலுங்கு பற்றிக் கருத்தரங்கு கூட்டுவோர், மணவாழ்க்கையைத் தீர்மானிக்கும் இச்சில நிமிட உரையாடலுக்கு எழுத்துப் பதிவு வேண்டும் என்றாவது கேட்கலாம். இன்றைக்கு, தான் என்ன சொன்னதாக அங்கே எழுதப்பட்டது என்பது விண்ணப்பதாரருக்குத் தெரியாது. திரும்பும் ரயிலில் அவர் கையில் இருப்பது, 221(ஜி) என்று தலைப்பிட்ட ஒற்றைத் தாள்.