அடுப்பை இறக்குங்கள், சார்!

'கேரவன்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாக்காரர்கள்தான். ஹீரோ உள்ளே ஏசியில் இருப்பார். தயாரிப்பாளர் வெளியே வெயிலில் நின்று வியர்த்துக்கொண்டிருப்பார். இப்போது அந்தக் கேரவன் சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்று கேரவன் சுற்றுலா. படுக்கை, கழிவறை, ஃப்ரிட்ஜ், கூடவே ஒரு குட்டிச் சமையலறை. வீடே சக்கரத்தில் ஓடும்!

வில்லங்கம் அந்தக் குட்டிச் சமையலறையில்தான். மேடை என்று இருப்பதே இரண்டு மூன்று முழம். பாதியை அடுப்பு தின்றுவிடும், மீதியில் பாதியைத் தொட்டி. மிச்சத்தில் ஒரு தட்டு வைக்கலாம். தட்டை வைத்துவிட்டால் வெங்காயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உடனே யோசனை சொல்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். தொட்டிக்கு மேல் மூடி மாதிரி ஒரு பலகை போடு, கத்தியைக் காந்தப் பட்டையில் ஒட்டு, மடக்கு மேஜை வாங்கு, மடக்குக் கிண்ணம் வாங்கு... இவ்வளவும் வாங்கிய பிறகு இவற்றை வைக்க எங்கே இடம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். சமையல் மேடை என்பது கடையில் கல்லாவுக்கு முன்னால் இருக்கிற பலகை மாதிரி. சரக்கு வரணும், போகணும், தங்கக் கூடாது. ஊறுகாய் பாட்டிலும் மிக்ஸியும் நிரந்தரமாகக் குடியிருந்தால் அது கிடங்கு. பத்தடி மேடை இருக்கிற அடுக்குமாடி வீட்டிலேயே சப்பாத்தி தேய்க்க இடமில்லை என்று புலம்பல் கேட்கிறதே, ஏன்? எல்லாம் தேங்கிய சரக்கு.

இந்தப் பாடத்தைப் பட்டமே வாங்காமல் கற்றுவைத்திருப்பவர்களை நாகூரில் பார்க்கலாம். நாகூர், வேளாங்கண்ணி, திருநள்ளாறு என்று ஒரே வேனில் மூன்று மதத்துக்கும் ஒரு சுற்று வந்துவிடுகிற குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். நாகூரிலிருந்து மற்ற இரண்டும் முப்பது கிலோமீட்டருக்குள்தான். பதினைந்து பேர், மூன்று வேளை, இரண்டு நாள். ஓட்டலில் சாப்பிட்டால் பர்ஸ் காலி. அதனால் அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா எல்லாம் வேனிலேயே வரும்.

அவர்கள் வண்டியில் சமையல் மேடையே கிடையாது. ஆனாலும் சோறு ஆகிறது. எப்படி? புளியைக் கரைத்துக் காய்ச்சி வீட்டிலேயே பாட்டிலில் அடைத்தாகிவிட்டது. பூண்டு உரித்தாகிவிட்டது. முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மதியத்துக்குப் புளிச்சோறு. அதற்கப்புறம்தான் அடுப்பே பற்றவேண்டும். பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி, அதற்குள் கரண்டி, அதற்குள் உப்பு டப்பா. ஒரு சோறு, ஒரு குழம்பு, முடிந்தது சமாச்சாரம். நாள்கணக்கில் கடலில் தங்குகிற விசைப்படகிலும் இதே சட்டம்தான். இடம் குறைந்தால் முதலில் குறைக்கவேண்டியது பதார்த்தங்களின் எண்ணிக்கையை. மேஜையை நீட்டுகிற வேலை அப்புறம்.

அடுத்தது அரிவாள்மணை. நம் முன்னோர்கள் அறிவாளிகள் என்று நான் எல்லாவற்றுக்கும் கொடி பிடிக்கிறவன் இல்லை. ஆனால் மேடையே தேவைப்படாமல் காய் நறுக்க இதைவிட நல்ல சாதனம் இருந்தால் சொல்லுங்கள். உட்காரத் தரை இருந்தால் போதும்.

இங்கேதான் நாகூர் நமக்கு ஒரு வார்த்தையைத் தருகிறது. தர்காவின் பதினான்கு நாள் விழாவுக்குக் 'கந்தூரி' என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். மூலத்தில் அதற்கு உணவு பரிமாற விரிக்கிற துணி என்று பொருள். துணியின் பெயர் விருந்துக்கு ஆகி, விருந்தின் பெயர் விழாவுக்கே ஆகிவிட்டது. அந்த விழாவின் நாயகர் ஷாகுல் ஹமீது ஆண்டவரும் ஒரு பயணிதான். வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து ஊர் ஊராகப் போய், கடைசியில் 16-ம் நூற்றாண்டில் நாகூரில் தங்கியவர். பயணம் போகிறவனுக்கு மேடை எது? விரிக்கிற துணிதான். சுருட்டினால் கக்கத்தில் அடங்கும். விரித்தால் ஊரே உட்காரும்.

சுவரைப் பார்த்த மேடைக்கும் தரையில் விரித்த துணிக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. மேடை ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஒரு ஆள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஐயா மினாரா பார்ப்பார், கடல் பார்ப்பார், வந்து "சாப்பாடு ரெடியா?" என்பார். அந்த அம்மா ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சுவரை மட்டும் பார்த்துத் திரும்புவார். தரையில் துணி விரித்தால் அப்படித் தப்பிக்க முடியாது. "மச்சான், சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இந்த வெங்காயத்தை உரிங்க" என்று ஒரு குரல் வரும். நாலு பேர் கை வைத்தால் வேலை கால்வாசி. உண்மையில் நமக்குப் பற்றாக்குறை மேடையிலா, கைகளிலா?

சரி, துணியை எங்கே விரிப்பது? கோபம் வருகிற இடம் இதுதான்.

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுலா ரயில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. லக்னோவிலிருந்து புண்ணிய யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தார்கள். நாள்கணக்கில் அதுதான் அவர்கள் வீடு. உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் அடுப்புப் பற்றவைத்ததில் தீ பிடித்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகத் தடை அன்றைக்கும் இருந்தது. தடையும் இருந்தது, சிலிண்டரும் இருந்தது!

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்ற தைரியம் அதனிடம் செல்லாது. கதவை மூடிய வண்டிக்குள் ஒரு பொறி போதும். அதனால் வண்டிக்குள் மேடையை எப்படிப் பெரிதாக்குவது என்ற கேள்வியே தப்பு. கொள்கை போடுகிறவர்களே, லட்ச லட்சமாய்ப் போட்டுக் கேரவன் வாங்குகிறவர்களே, முதலில் அடுப்பை வண்டியிலிருந்து இறக்குங்கள்!

"இறக்கினால் ரோடெல்லாம் சாம்பலும் எச்சில் இலையுமாக நாறடிக்கிறார்களே" என்று உள்ளூர்க்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீட்டு வாசலில் சாம்பார் கழுவிய தண்ணீரை யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்? ஆனால் விரட்டினால் அவர்கள் சமைக்காமல் போய்விடமாட்டார்கள். அடுத்த தெருவில் சமைப்பார்கள், இல்லையென்றால் வண்டிக்குள்ளேயே சமைப்பார்கள். வண்டிக்குள் சமைத்தால் என்ன ஆகும் என்பதை மதுரையில் பார்த்துவிட்டோம்.

யாத்திரை ஊர்களில் வண்டி நிறுத்தக் கட்டணச் சீட்டு கிழிக்கிறார்கள். தப்பில்லை. அந்தச் சீட்டுக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? வெயில் கிடைக்கிறது. நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு தகரக் கூரை. அதன் கீழே இரண்டரை அடி உயரத்தில் நீளமாக ஒரு சிமென்ட் மேடை, காற்றுக்கு மறைப்பாக முழங்கை உயரச் சுவர். உட்கார்ந்து நறுக்குகிறவர்களுக்குச் சுத்தமான திண்ணை. குழாய், எண்ணெய்க் கழிவு தேங்கிப்போகிற தொட்டி, குப்பைக்கு இரண்டு பீப்பாய், நாலு வாளி மணல். தனியாக ஒரு சீட்டுப் போட்டுப் பணம் வாங்குங்கள். வாங்கிய பணத்தில் கூட்டிப் பெருக்க ஆள் போடுங்கள். வரவும் செலவும் சரியாய்ப் போகிற கணக்கு இது. லாபம் என்ன என்று கேட்டால், ஊர் சுத்தமாக இருக்கும், உயிர் போகாது.

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். 18-ம் நூற்றாண்டு ராஜா, வேறு மதத்துக்காரர். அவர் 131 அடிக்கு மனசு வைத்தார்.

நம் காலத்து ஆட்சியாளர்களிடம் நான் கேட்பது இரண்டரை அடி.