படுத்திருக்கும் உடலும் உழைக்கிறது

"படுத்தே கிடப்பவருக்கு எதற்கு டாக்டர் இவ்வளவு சாப்பாடு? கஞ்சி போதாதா?" என்று நோயாளிகளின் உறவினர் பலர் கேட்பதுண்டு. அக்கறையால் எழும் கேள்விதான். ஆயினும் நடமாட்டம் இல்லாத உடலுக்குச் செலவும் இல்லை என்ற தவறான எண்ணம் அதில் பொதிந்துள்ளது.

நாம் அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது. மூளை, கல்லீரல், சிறுநீரகங்கள் இடைவிடாது இயங்குகின்றன. இவ்வாறு உயிர் வாழ்வதற்கு மட்டுமே உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலின் அளவை 'ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம்' என்கிறோம். கடும் உழைப்பில்லாத ஒருவரின் அன்றாட ஆற்றல் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை இதற்கே போய்விடுகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை மட்டும் இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

இந்த அளவை வீட்டிலேயே மதிப்பிடலாம். 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோகிராமில் 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பின்னர் ஆண்களுக்கு 5 கூட்ட வேண்டும். பெண்களுக்கு 161 கழிக்க வேண்டும்.

60 வயது, 55 கிலோ எடை, 152 செ.மீ. உயரம் உள்ள ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். 550 + 950 − 300 − 161 = 1,039. அதாவது, கட்டிலைவிட்டு இறங்காத நாளிலும் அவருக்கு ஏறத்தாழ 1,040 கலோரி தேவை. 25 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் சுமார் 90 கலோரிதான் உண்டு. நாள் முழுவதும் மூன்று டம்ளர் கொடுத்தாலும் அடிப்படைத் தேவையில் கால் பங்கே கிடைக்கும். எஞ்சியதை உடல் தன் சேமிப்பிலிருந்து எடுக்கிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது. நோய் தணிந்த பின்னும் எழுந்து நிற்க இயலாமல் முதியோர் பலர் தள்ளாடுவதற்கு இந்தத் தசை இழப்பு ஒரு முக்கியக் காரணம்.

ஒன்றை மறவாதீர்கள்: சூத்திரம் தருவது மதிப்பீடுதான். அது அமெரிக்காவில் ஆரோக்கியமான 498 பேரிடம் எடுத்த அளவுகளிலிருந்து உருவானது. தசை குறைந்த உடல்வாகு உடையோருக்கு அது சற்று மிகுதியாகக் காட்டக்கூடும். காய்ச்சலில் உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் செலவு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் கூடும், குறைந்தால் குறையும். துல்லியமாக அறிய, மூச்சில் உட்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளக்கும் கருவி தேவை. எனினும் 'கஞ்சி போதும்' என்ற ஊகத்தைவிடத் தோராயமான ஓர் எண் மேலானது என்பதே என் கருத்து.

இதனால் கஞ்சியை ஒதுக்க வேண்டும் என்பதன்று. அதையே பாசிப்பருப்பு சேர்த்துக் குழையக் காய்ச்சலாம். ஒரு தேக்கரண்டி நெய் விடலாம். தயிர், பால், வேகவைத்த முட்டை ஆகியவற்றை நோயாளிக்கு ஏற்றபடி சேர்க்கலாம். ஒரே வேளையில் வற்புறுத்தாமல், சிறிது சிறிதாக ஐந்தாறு முறை கொடுப்பது நலம்.

சிலருக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. சிறுநீரக நோய், கல்லீரல் நோய், நீரிழிவு உள்ளவர்களின் உணவைத் தாங்களாகவே மாற்றாதீர்கள். பல நாட்கள் ஏறக்குறைய பட்டினியாக இருந்தவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். அவருக்கு மருத்துவ மேற்பார்வையில் படிப்படியாகவே உணவைக் கூட்ட வேண்டும்.

மருந்தின் அளவை நீங்கள் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறீர்கள். உணவின் அளவையும் அவ்வாறே கேளுங்கள். "இவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் வேண்டும்?" என்று அடுத்த முறை மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ கேட்டு, விடையை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.